அடுப்பில்லாமல் 40 பேருக்குப் பழக்கலவை: தண்ணி விடாமல், கசக்காமல் செய்ய வழி உண்டா?

#1 பழக்கூடை
வணக்கம். வர்ற ஞாயிறு பகல் 12 மணிக்கு சிங்கப்பூர்ல எங்க சமூக மன்றத்துல ஒன்றுகூடல். 40 பேர், பாதிக்கு மேல மூத்தோர். என் பொறுப்பு பழக்கலவை. அங்க அடுப்பு கிடையாது, ஃப்ரிட்ஜும் கிடையாது, எல்லாத்தையும் வீட்டிலேயே நறுக்கிக் கொண்டு போகணும். ஆரஞ்சு, பம்பளிமாஸ், அன்னாசி, பப்பாளி, மாம்பழம்னு நினைச்சிருக்கேன்.

ரெண்டு பிரச்சினை. கலந்து ஒரு மணி நேரத்துல பழம் தண்ணியில மிதக்குது. ஆரஞ்சு முதல்ல இனிப்பா இருந்துட்டு அப்புறம் கசக்குது. இதுக்கு என்ன செய்யலாம்? அளவும் சொன்னா நல்லது.

#2 கத்திமுனை
ரெண்டுக்கும் காரணம் வேற வேற.

முதல்ல தண்ணி. உப்போ சர்க்கரையோ பழத்தின் வெட்டுமுகத்தில் பட்ட உடனே உள்ளே இருக்கிற சாற்றை வெளியே இழுக்கும். ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் போட்டால் தண்ணி விடுவது போலத்தான். அதனால் உப்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு மூன்றும் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் பழத்தைத் தொடணும். அடுத்தது துண்டின் அளவு. 2 செ.மீ. துண்டை 1 செ.மீ. துண்டாக்கினால் வெட்டுமுகம் இரண்டு மடங்காகிறது, சாறு ஒழுகும் இடமும் அவ்வளவு கூடுகிறது. எல்லாம் 2 செ.மீ.க்குக் குறையாமல் வெட்டுங்க. மூன்றாவது, ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாக வடிதட்டில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்து, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வடிய விடுங்க. பப்பாளியில் விதையை மட்டும் எடுத்தால் போதாது. விதை ஒட்டியிருந்த அந்தக் கொழகொழப்பான உள்பரப்பையும் கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்து எடுத்துடணும். அங்கிருந்துதான் அதிகம் ஒழுகும்.

இப்போ கசப்பு. நீங்க வாங்கினது தொப்புள் ஆரஞ்சா இருக்கும், அதாவது அடியில் தொப்புள் மாதிரி சுழி உள்ள, விதையில்லாத வகை. அதன் சவ்விலும் வெள்ளைத் தோலிலும் கசக்காத ஒரு பொருள் இருக்கு. பழத்தை வெட்டி அது புளிப்புச் சாற்றோடு கலந்த பிறகு, மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். பிழிந்த உடனே குடித்தால் இனிக்கிற சாறு, ரெண்டு மூணு மணி நேரம் கழித்துக் கசப்பது இதனால்தான். எனவே சவ்வு, வெள்ளைத் தோல் எதுவும் கிண்ணத்துக்குள் வரக்கூடாது. சவ்வைப் பிழிந்து வரும் சாற்றை அன்றைக்கே, அப்போதே பயன்படுத்தணும், இரவு முழுக்க வைக்கக்கூடாது.

#3 கத்திமுனை
சுளை எடுக்கும் முறையைத் தனியாக எழுதுறேன், இதில்தான் நிறையப் பேர் சொதப்புறாங்க.

ஆரஞ்சின் மேலும் கீழும் சதை தெரியும் அளவுக்கு ஒரு வில்லை வெட்டுங்க. பலகையில் நிமிர்த்தி வைத்து, பழத்தின் வளைவோடு கத்தியை மேலிருந்து கீழே இறக்கித் தோலைச் சீவுங்க. சீவின இடத்தில் வெள்ளை தெரிந்தால் கத்தி மேலோட்டமாகப் போகுதுன்னு அர்த்தம், இன்னும் ஒரு மி.மீ. உள்ளே போகணும். முழுக்கச் சீவின பழம் ஈரமாக, பளபளப்பாக, சவ்வுக் கோடுகள் மட்டும் தெரிய இருக்கணும். அதை இடது உள்ளங்கையில், கிண்ணத்துக்கு மேலே பிடிங்க. ஒரு கோட்டை ஒட்டி, சவ்வுக்கும் சதைக்கும் நடுவே கத்தி நுனியை நடுத்தண்டு வரைக்கும் விடுங்க. அடுத்த கோட்டை ஒட்டியும் அதே மாதிரி. சுளை தானாகக் கழன்று விழும். ரெண்டாவது வெட்டில் கத்தியை லேசாக வெளிப்பக்கம் திருப்பினால் சுளை உடையாமல் வரும். மழுங்கிய கத்தி சுளையை நசுக்கும், நசுங்கினால் மறுபடியும் தண்ணிப் பிரச்சினைதான்.

பூண்டு வெங்காயம் நறுக்கும் பலகையில் இதைச் செய்யாதீங்க. எவ்வளவு கழுவினாலும் பப்பாளியில் பூண்டு மணக்கும்.

#4 தேக்காவாசி
வாங்கும்போது கவனிக்க வேண்டியது:

ஆரஞ்சு, அன்னாசி, பம்பளிமாஸ் எல்லாம் பறித்த பிறகு பழுக்காது. வீட்டில் வைத்தால் இனிக்கும்னு நினைச்சு வாங்காதீங்க. பப்பாளியும் மாம்பழமும் பழுக்கும், அதனால் வியாழக்கிழமையே கொஞ்சம் கெட்டியாக வாங்கி வெளியே வைங்க. காயாக இருக்கும்போது பப்பாளியை ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிர் தாக்கி, ஒழுங்காகப் பழுக்காமல் ஒரு பக்கம் கொழகொழன்னு ஆயிடும்.

பம்பளிமாஸ்: கையில் தூக்கிப் பாருங்க, அளவுக்கு மீறிக் கனக்கணும். பெரிசா இருந்து லேசா இருந்தால் உள்ளே தோல்தான். மலேசியாவின் ஈப்போ தம்புன் பழம் கிடைத்தால் அதுதான் என் தேர்வு, கழுத்து குறுகிப் பேரிக்காய் மாதிரி இருக்கும். தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தால் ஒதுக்காதீங்க, அது உள்ளே இன்னும் இனிப்பு.

அன்னாசி: இந்தக் கலவைக்கு மலேசியாவிலிருந்து வர்ற எம்டி2 வகை நல்லது, புளிப்பு குறைவு. தோல் பச்சையா மஞ்சளான்னு பார்க்காதீங்க, அடிப்பாகத்தை முகர்ந்து பாருங்க. இனிப்பு வாசனை வரணும். கள் வாசனை வந்தால் திருப்பி வைங்க. கொண்டை இலையைப் பிடுங்கிப் பார்ப்பதெல்லாம் சும்மா.

மாம்பழம்: ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் தேக்காவில் (லிட்டில் இந்தியா) பங்கனபள்ளி பெட்டி பெட்டியாக வரும். அந்தக் காலம் இல்லைன்னா தாய்லாந்து மாம்பழம். அல்போன்சா வேண்டாம், மணம் அருமைதான், ஆனால் கலவையில் கரைந்து குழம்பாயிடும்.

ஒரு யோசனை: செங்குவாங் சேருங்க. ரோஜாக்கில் (இங்கே விற்கும் காய்கனிக் கலவை) போடுறாங்களே, அந்த வெள்ளைக் கிழங்கு. பச்சையாகவே சாப்பிடலாம், கறுக்காது, மணிக்கணக்கில் மொறுமொறுப்பு போகாது. எல்லாமே மெத்துமெத்துன்னு இருக்கிற கிண்ணத்தில் பல்லுக்கு ஒரு வேலை வேணும் இல்லையா.

#5 புதினாக்கட்டு
முதல் நாள் ராத்திரியே சர்க்கரை போட்டு ஊற வெச்சா சுவை நல்லா இறங்குமே? எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.

#6 கத்திமுனை
அது வேற பண்டம், புதினாக்கட்டு. அப்படிச் செய்தால் கிடைப்பது இனிப்புச் சாற்றில் துவண்ட பழம். கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிட நல்லாத்தான் இருக்கும். 40 பேருக்குத் தட்டில் பரிமாற முடியாது.

#7 சுளையரசி
பம்பளிமாஸை யாரும் கத்தியால் சுளை எடுக்காதீங்க. அதன் சவ்வு தடிமன், கையால் உரிப்பதுதான் முறை.

மேல்பக்கம் ரெண்டு விரல் கனத்துக்கு மூடி மாதிரி வெட்டி எடுங்க. மேலிருந்து கீழாகத் தோலில் ஆறு அல்லது எட்டுக் கோடு கீறுங்க, சதையைத் தொடாமல். பெருவிரலை நுழைத்து ஒவ்வொரு பட்டையாக இழுத்தால் பஞ்சு மாதிரி வெள்ளையோடு கழன்று வரும். மிச்சம் ஒட்டியிருக்கும் பஞ்சை நகத்தால் சுரண்டி எடுங்க. பிறகு பழத்தை ரெண்டாகப் பிளந்து சுளைகளைப் பிரிங்க. ஒவ்வொரு சுளைக்கும் உள்விளிம்பில், விதை இருக்கும் பக்கம், கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. அங்கிருந்து ரெண்டு பக்கச் சவ்வையும் புத்தகம் விரிக்கிற மாதிரி விரித்தால் முத்து முத்தாகச் சதை வெளியே வரும். அதைக் கையாலேயே 2 செ.மீ. கொத்தாக உடைங்க. முத்து உடையாத வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி விடாது. கலவையில் ரொம்ப நேரம் தாங்குவது இதுதான்.

இதன் கசப்பு ஆரஞ்சுக் கசப்பு மாதிரி நேரம் கழித்து வருவது இல்லை. சவ்விலும் வெள்ளையிலும் நரிஞ்சின்னு ஒன்னு இருக்கு, அது வாயில் வைத்த உடனே கசக்கும். சவ்வு முழுசா போயிட்டா கசப்பும் போச்சு.

#8 ஈசூன் அண்ணன்
இவ்வளவு எதுக்கு? கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின் ஊத்துங்க, பிள்ளைங்க பாத்திரத்தையே நக்கிடும். இல்லைன்னா கெட்டித் தயிர்.

#9 சுளையரசி
அண்ணே, பச்சை அன்னாசி, அதாவது சூடுபடுத்தாத அன்னாசி, இருக்கிற கிண்ணத்தில் பால், தயிர் எதுவும் ஆகாது. அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பெயின், ரெண்டும் புரதத்தை அறுக்கிற நொதிகள். இறைச்சியை மென்மையாக்கப் பப்பாளிக்காயைத் தேய்க்கிறோமே, அதே வேலை. பால் புரதத்தை அறுத்தால் அரை மணி நேரத்துக்குள் ஒரு கசப்பு வரும். போதாததுக்குக் கலமான்சி (சின்ன எலுமிச்சை மாதிரிப் பழம்) புளிப்பில் பால் வேற திரியும். டின் அன்னாசியில் இந்தத் தொல்லை இல்லை, ஏன்னா டின்னில் அடைக்கும்போது சூடுபடுத்துவதில் நொதி செத்துப்போகுது. ஜெலட்டின் ஜெல்லியும் பச்சை அன்னாசியோடு உறையாது. அகார் அகார் உறையும், அது புரதம் இல்லை, கடற்பாசிதான்.

#10 ஈசூன் அண்ணன்
சரி சரி, பாலைத் தனிக் குவளையில வெச்சுக்குறேன் லா. வேணுங்கிறவங்க ஊத்திக்கட்டும்.

#11 மருந்துச்சீட்டு
முக்கியமான ஒன்னை யாரும் சொல்லலை. பாதிக்கு மேல மூத்தோர்னு சொல்றீங்க. கொலஸ்டிராலுக்குச் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுறவங்களும், ரத்த அழுத்தத்துக்குச் சில மாத்திரைகள், உதாரணமாக ஃபெலோடிபின், எடுக்கிறவங்களும் கிரேப்ஃப்ரூட் சாப்பிடக்கூடாதுன்னு சொல்வாங்க. குடலில் அந்த மருந்துகளைச் சிதைக்கிற நொதியை இந்தப் பழம் முடக்கிடும். மருந்து தேவைக்கு மேல ரத்தத்தில் ஏறும். பம்பளிமாஸும் அதே குடும்பம், அதிலும் அந்தப் பொருள் இருக்கு. காலையில மாத்திரை, பகல்ல பழம்னு இடைவெளி விட்டாலும் போதாது, அந்த விளைவு ஒரு நாளுக்கு மேலயும் நீடிக்கும்.

அதனால் பம்பளிமாஸைக் கலவைக்குள் போடாதீங்க. தனிக் கிண்ணத்தில் வைத்துப் பெயர் எழுதி ஒட்டுங்க. சந்தேகம் உள்ளவங்க பலதுறை மருந்தகத்தில் மருந்தாளரிடம் கேட்டுக்கட்டும். சாதாரணத் தொப்புள் ஆரஞ்சிலும், சீனப் புத்தாண்டுக்கு வர்ற மாண்டரினிலும் இந்தக் கவலை இல்லை.

இன்னொன்னு, அழகுக்காக நட்சத்திரப் பழம் வெட்டிப் போடுறது வழக்கம். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கு அது நஞ்சு மாதிரி, விக்கலில் தொடங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். பொதுப் பந்திக்கு அது வேண்டவே வேண்டாம். ஒரு வயசுக்குக் கீழே குழந்தை வருதுன்னா தேனும் போடாதீங்க.

#12 பழக்கூடை
பம்பளிமாஸ் பத்தி இது தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. தனிக் கிண்ணம்தான். அப்போ அளவு எப்படி மாறும்?

#13 தேக்காவாசி
மற்ற சாப்பாடும் இருக்கும்தானே? ஆளுக்கு 150 கிராம் போதும். 40 பேருக்கு நறுக்கின பழம் 6 கிலோ. நறுக்கின பிறகு கிடைக்கும் எடையும், அதுக்கு வாங்க வேண்டிய எடையும் இப்படி வரும்:

அன்னாசி 1.5 கிலோ கிடைக்க 3 கிலோ வாங்கணும், பாதி தோலும் கொண்டையும்தான். பப்பாளி 1.2 கிலோவுக்கு 1.8 கிலோ. ஆரஞ்சுச் சுளை 1.2 கிலோவுக்கு 2.4 கிலோ, அதாவது நடுத்தர அளவில் 11 அல்லது 12 பழம். மாம்பழம் 600 கிராமுக்கு 1 கிலோ. செங்குவாங் 700 கிராமுக்கு 850 கிராம். பம்பளிமாஸ் தனிக் கிண்ணத்துக்கு 800 கிராம், அதுக்குப் பெரிய பழம் ஒன்னும் சின்னது ஒன்னும்.

அன்னாசியில் அடிப்பக்கம் இனிப்பு, கொண்டைப் பக்கம் புளிப்பு. நீளவாக்கில் நாலாகப் பிளந்து வெட்டினால் எல்லாத் தட்டுக்கும் ரெண்டும் போகும். வட்ட வில்லையாக வெட்டினால் ஒருத்தருக்கு இனிப்பு, இன்னொருத்தருக்குப் புளிப்பு. நடுத்தண்டைத் தூக்கிப் போடுங்க, நாக்கு அரிப்பு அங்கே அதிகம். கண்களைச் சாய்வாக வரிசை வரிசையாகக் கீறி எடுத்தால் வீண் குறையும், சந்தையில் பழக்கடை அங்கிள் செய்வதைப் பார்த்திருப்பீங்க.

#14 கத்திமுனை
சாற்றுக் கலவை அந்த 6 கிலோவுக்கு: கலமான்சிச் சாறு 150 மி.லி., துருவின குலா மலாக்கா (தென்னை வெல்லம்) 80 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, இஞ்சிச் சாறு ஒரு மேசைக்கரண்டி. குலா மலாக்காவைக் காய்ச்ச வேண்டாம். கத்தியால் மெல்லிசாகச் சீவிச் சாற்றில் போட்டு, பாட்டிலை மூடிக் குலுக்கி வைங்க. அரை மணி நேரத்தில் கரையும். அடியில் தங்கும் மண்டியை வடிகட்டி எடுத்துடுங்க. பழம் ரொம்ப இனிப்பாக இருந்தால் சர்க்கரையைப் பாதியாக்கலாம், உப்பைக் குறைக்காதீங்க. உப்புத்தான் இனிப்பைத் தூக்கிக் காட்டும்.

கலமான்சி ஒன்னுக்கு 5, 6 மி.லி.தான் வரும், 30 பழம் வேணும். சரியாக நடுவில் வெட்டினால் விதையும் வெட்டுப்பட்டுக் கசக்கும். நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வெட்டி, டீ வடிகட்டிக்கு மேலே பிழிங்க. தோலைத் திருகித் திருகிக் கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்தால் தோல் எண்ணெய் இறங்கும், அதுவும் கசப்பு.

அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு பட்டால் உலோக வாடை வரும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி.

#15 புதினாக்கட்டு
சாட் மசாலா தூவலாமா? டிராகன் பழம்?

#16 சுளையரசி
சாட் மசாலாவில் பாதி உப்புத்தான், மேலே தூவினால் தண்ணி விடும். சின்னக் கிண்ணத்தில் பக்கத்தில் வைங்க. என்னைக் கேட்டால் ஆரஞ்சுக்கும் சாட் மசாலாவுக்கும் ஒத்துவராது. கறுப்பு உப்பு வாடை ஆரஞ்சு மணத்தை அமுக்கிடும். ஆசாம் போய் (உப்பிட்டு உலர்த்தின புளிப்பு பிளம்) பொடி நல்லாப் பொருந்தும், அன்னாசிக்கும் செங்குவாங்குக்கும் பிரமாதம்.

டிராகன் பழம்னா வெள்ளைச் சதை உள்ளது மட்டும். சிவப்பு போட்டால் பத்து நிமிடத்தில் மொத்தக் கிண்ணமும் பீட்ரூட் பொரியல் நிறம்தான். பீட்ரூட்டில் இருக்கிற அதே வகைச் சாயம்.

#17 தேக்காவாசி
ஆசாம் போய் எல்லாருக்கும் பிடிக்காது, சாட் மசாலாவும் இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் சுளையரசி அக்காவோடு எனக்கு உடன்பாடு இல்லை :)

#18 மருந்துச்சீட்டு
குளிர் பற்றி. வெட்டின பழம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே இருந்தால் கிருமி வேகமாகப் பெருகும். நம்ம ஊரில் பகல் 31, 32 டிகிரி. வெளியே எடுத்ததிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் பரிமாறுவதுன்னு வைத்துக்குங்க, அதுக்கு மேல மிச்சமானதை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. வெட்டுறதுக்கு முன்னாடி முழுப் பழத்தையும் ஓடுற தண்ணியில் தேய்த்துக் கழுவணும், தோலை எறியத்தான் போறோம்னாலும் சரி. தோலில் இருக்கிற அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகும். அன்னாசி, பப்பாளி ரெண்டுக்கும் இது பொருந்தும்.

பழத்தை ரெண்டு பெட்டியாகப் பிரிங்க. ஒன்னு மேசையில், அடியில் ஐஸ் தட்டோடு. இன்னொன்னு ஐஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். முதல் கிண்ணம் காலியானதும் புதுக் கிண்ணத்தில் போடுங்க, பழைய மிச்சத்து மேல கொட்டாதீங்க.

#19 பழக்கூடை
எல்லாருக்கும் நன்றி. நேரத்தை இப்படிப் போட்டிருக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க.

சனி ராத்திரி: பம்பளிமாஸ் உரித்து மூடி ஃப்ரிட்ஜில். செங்குவாங் வெட்டிக் குளிர்ந்த தண்ணியில். முழுப் பழங்கள் எல்லாம் கழுவித் துடைத்து ஃப்ரிட்ஜில்.
ஞாயிறு 8 மணி: அன்னாசி, பப்பாளி வெட்டி வடிய விடுதல்.
9 மணி: ஆரஞ்சுச் சுளை. 9:45 மாம்பழம்.
10:15: சாற்றுக் கலவை பாட்டிலில். புதினா ரெண்டு கட்டு நறுக்கி டப்பாவில்.
11 மணி: ஐஸ் பெட்டியில் எல்லாம் தனித்தனி டப்பாவாக, கிளம்புதல்.
11:50: கலத்தல்.

#20 கத்திமுனை
ரெண்டு திருத்தம். செங்குவாங்கைத் தண்ணியிலிருந்து எடுத்ததும் துணியில் நல்லா ஒற்றி உலர்த்தணும், இல்லைன்னா இவ்வளவு நேரம் வடிச்ச தண்ணியை நீங்களே திருப்பி ஊத்தின மாதிரி. கலக்கும்போது முதலில் அன்னாசி, செங்குவாங் ரெண்டையும் சாற்றோடு புரட்டுங்க. பிறகு பப்பாளி, மாம்பழம். ஆரஞ்சுச் சுளையைக் கடைசியில் மேலே பரப்புங்க, கரண்டி படவே வேண்டாம்.

#21 சுளையரசி
புதினாவை 10:15க்கு நறுக்காதீங்க. வெட்டின ஓரம் பரிமாறுறதுக்குள் கறுத்துடும். காம்போடு ஈரத் துணியில் சுருட்டிக் கொண்டு போங்க, அங்கே இலையாகக் கிள்ளிப் போட்டால் போதும்.